ஆக்சிடென்ட் கொறஞ்சிருக்கு, ஆமா, எப்படின்னு கேளுங்க

எங்க ரோட்டுக்குப் பொறுப்பான ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

ரோடு போடுறவங்க யாரு, லாரியை நிறுத்த வேண்டியவங்க யாரு, குவாரியிலேர்ந்து கல்லு ஏத்திட்டுப் போற லாரிக்கு நடைச்சீட்டு குடுக்கிறவங்க யாருன்னு பிரிச்சு எழுதுனா ஒருத்தர் இன்னொருத்தரைக் கைகாட்டுவீங்க, அது ஏற்கனவே நடந்தாச்சு. அதனால எல்லாருக்கும் சேத்து ஒரே மடலா எழுதுதேன்.

போன வாரம் எங்க பிள்ளைய படிக்கிற ஸ்கூல்ல ரோடு பாதுகாப்பு விழிப்புணர்வு கூட்டம்னு பெத்தவங்களைக் கூப்பிட்டிருந்தீங்க. உங்கள்ல ஒரு அதிகாரி ஸ்கிரீன்ல கணக்கு போட்டுக் காட்டினாரு. போன கல்வியாண்டுல இந்த ரோட்டுல ஸ்கூல் பிள்ளைய யாருக்கும் ஆக்சிடென்ட் இல்ல, பச்சைக் கலர்ல பெருசா ஒரு சைபர். எல்லாரும் கை தட்டினாங்க. அடுத்த நிமிசமே அதே அதிகாரி சொன்னது, "இருந்தாலும் டாரஸ் லாரி நிறைய ஓடுற ரோடு, முடிஞ்ச வரைக்கும் பிள்ளைங்களை சைக்கிள்ல அனுப்பாதீங்க, நடந்தும் விடாதீங்க, நீங்களே கொண்டு விட்டு நீங்களே கூட்டிட்டுப் போங்க." அதுக்கும் கை தட்டினாங்க. நான் கேள்வி கேக்க எந்திரிச்சேன், அதுக்குள்ள சாயாவும் வடையும் வந்துட்டு, மைக்கையும் ஆஃப் பண்ணியாச்சு. அங்க கேக்க விடாததை இங்க கேக்குதேன்.

அந்த சைபர் எங்கேர்ந்து வந்துச்சு? ரோட்டுல பிள்ளைய இல்ல, அதனால வந்துச்சு. லாரி கொறையல, வேகம் கொறையல, ரோடு ஒரு அடி கூட அகலமாகல. நாங்க பயந்து பயந்து ஒவ்வொருத்தரா ரோட்டை விட்டு எறங்கிட்டோம், நீங்க அதைப் பாத்துட்டு ரோடு பாதுகாப்பா ஆயிட்டுன்னு எழுதி வச்சிருக்கீங்க. எங்க பயத்தை உங்க சாதனையில சேக்காதீங்க, அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுத உக்காந்தேன்.

உங்கள்ல பல பேரு வெளி மாவட்டத்துல இருந்து மாத்தலாகி வந்திருப்பீங்க, அதனால ரோடு எப்படின்னு கொஞ்சம் சொல்லுதேன். கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம், திருவட்டாறு, அருமனை பக்கமெல்லாம் ரோடுன்னா ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கையாலை, அதான் விளைக்குக் கட்டுன எல்லைச் சுவரு, நடுவுல தார். ஓரம்னு ஒண்ணு கெடையாது. கையாலைக்கும் தாருக்கும் இடையில ஒரு சாண் ஓடை இருக்கும், மழை பெஞ்சா அதுவும் ரோடும் ஒண்ணாயிரும், எங்க ஜில்லாவுல ஆடியிலயும் மழை ஐப்பசியிலயும் மழை, அப்போ வருசத்துல எத்தனை நாள் ஓரம் தெரியாம நடக்கோம்னு பாத்துக்கிடுங்க. 2011 கணக்குப்படி இந்த மாவட்டத்துல ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேரு, தமிழ்நாட்டு சராசரிக்கு ரெண்டு மடங்கு. ஒரு ஊரு எங்க முடியுது, அடுத்தது எங்க தொடங்குதுன்னு பாத்தா தெரியாது, வீட்டு நடையை விட்டு எறங்குனா நேரா ரோடுதான். வேற மாவட்டத்துல ஊருக்கு வெளியில பைபாஸ்ல ஓடுற லாரி இங்க எங்க வாசல்ல ஓடுது, அந்த வித்தியாசம் மேப்ல தெரியாது.

நடந்து வாற பிள்ளையளை எப்படிக் கண்டுபிடிக்கலாம்னு சொல்லட்டா? முதுகைப் பாருங்க. எதிரும் புதிருமா ரெண்டு டாரஸ் வந்துட்டா பிள்ளைய ஓடையைத் தாண்டி கையாலையில முதுகை ஒட்டிக்கிட்டு நிக்கணும், பேக்கைக் கழட்டி முன்னால நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு, ஏன்னா பேக் முதுகுல இருந்தா அந்த அரை அடியும் லாரிப் பக்கம் தள்ளும். இதை யாரும் சொல்லிக் குடுக்கல, ஆறாம் கிளாஸ் பிள்ளை தானாப் படிச்சுக்கிட்டது. லாரி போனதுக்கு அப்புறம் வெள்ளைச் சட்டை முதுகுல செம்மண்ணு ஈரத்தோட அப்பியிருக்கும். எனக்க மவளும் அவ கூட்டுக்காரியும் நிக்கும்போது நானும் பக்கத்துல நின்னிருக்கேன், லாரிக்க பின்சக்கரம் என் முட்டுக்கு அந்தப் பக்கம் உருளுது, டயரோட சூடு கால்ல அடிக்குது, தார்ப்பாயைக் கட்டுன கயித்துக்க நுனி காத்துல ஆடி எனக்க தோள்ல சுளீர்னு பட்டுது, மேல பாத்தா பாதித் தார்ப்பாய்தான் மூடியிருக்கு, ஓரத்துல ஒரு கல்லு இப்பம் விழவா அப்புறம் விழவான்னு உக்காந்திருக்கு. போனதுக்கு அப்புறம் பாறப்பொடி கண்ணுல விழுந்து ரெண்டு பேரும் கண்ணைக் கசக்கிக்கிட்டு நிக்காளுவ. இது உங்க ரிஜிஸ்டர்ல ஆக்சிடென்ட் இல்ல, எனக்குத் தெரியும். யாருக்கும் ஒண்ணும் ஆவலயே.

ஆனா அதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு கேளுங்க. அரசாங்கமே பதினொண்ணாங் கிளாஸ்ல இலவச சைக்கிள் தருது, நல்ல திட்டம், பக்கத்து வீட்டுல மூத்த பயலுக்குக் கெடச்ச சைக்கிள் இப்பம் ரப்பர் ஷீட் போடுற ஷெட்ல நிக்குது, ஹேண்டில் பாருல ஒட்டுப்பால் சாக்கு தொங்குது, சீட்டுல சுத்தியிருந்த பிளாஸ்டிக் கவரைக் கூட இன்னும் பிரிக்கல. ஒரு கையால சைக்கிளைத் தாறீங்க, இன்னொரு கையால மைக்கைப் பிடிச்சுக்கிட்டு சைக்கிள்ல அனுப்பாதீங்கன்னு சொல்லுதீங்க.

எனக்க மவளுக்கு கோகோன்னா உயிரு. ஸ்கூல் விட்டு பிராக்டிஸ் முடிய ஆறு மணியாவும், மழைக்காலத்துல அது மோந்தி நேரம், அந்த நேரத்துலதான் வரிசையா லாரி ஏறும். டீம்லேர்ந்து நின்னுட்டா. நான் நிக்கச் சொல்லல, அவளே வந்து "ஆர்வம் இல்லம்மா"ன்னு சொன்னா. ஆர்வம் இல்லாத பிள்ளை வீட்டு முற்றத்துல தென்னைக்கும் பலாவுக்கும் நடுவுல ஓடி ஓடித் திரும்ப மாட்டா, எனக்குத் தெரியாதா. இதை விடப் பெரிய காரியம் பிளஸ் ஒன் சேரும்போது. அவளுக்கு பயாலஜி வேணும், நர்சிங் போணும்னு எட்டாம் கிளாஸ்லேர்ந்து சொல்லிக்கிட்டு இருந்தா. பயாலஜி குரூப் இருக்கிற ஸ்கூல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜங்ஷனைத் தாண்டி, இந்தப் பக்கம் நடை தூரத்துல உள்ள ஸ்கூல்ல காமர்ஸ்தான். கடைசியில காமர்ஸ்ல சேந்துட்டா. வீட்டுல யாரும் பயம்னு வாயைத் தெறந்து சொல்லல, "காமர்ஸும் கொள்ளாம், பேங்க் வேலைக்குப் போலாம்"னு சொன்னோம், பாட்டாவும் ஆமான்னு சொன்னாரு, காரியம் முடிஞ்சுது. இதை எந்தக் கணக்குல எழுதுவீங்க?

பாட்டா காரியமும் அதேதான். எனக்க மாமனாரு, நேரம் வெளுத்ததும் ஜங்ஷன் சாயக்கடைக்குப் போய் ஒரு கட்டஞ்சாயா குடிச்சு பேப்பர் வாசிச்சு நாலு பேரை ஏசிட்டு வாறது வழக்கம். இப்பம் போறதில்ல. முட்டு வலின்னு சொல்லுதாரு. முட்டு வலி பத்து வருசமா இருக்கு. நான் தக்கலையில ஒரு துணிக்கடையில கணக்கு எழுதிக்கிட்டு இருந்தேன், காலையில ஒன்பது மணிக்குள்ள போணும், சாயங்காலம் ஏழாவும், அப்போ பிள்ளையளைக் கொண்டு விட யாரு, கூட்டிட்டு வர யாரு? வேலையை விட்டாச்சு. வீட்டுல டியூசன் எடுக்குதேன், அதுவும் மொதல்ல ஆறு டு ஏழரைன்னு இருந்தது, பிள்ளைய இருட்டுக்கு முன்னால வீடு போய்ச் சேரணும்னு அஞ்சு மணியாக்குனேன், கொஞ்ச பேரு ஸ்கூல்லேர்ந்து நேரா சாப்பிடாமக் கொள்ளாம வாறாங்க. நீங்களே கொண்டு விடுங்கன்னு ஒரு வரியில சொல்லிட்டீங்களே, அந்த ஒரு வரியில எத்தனை வீட்டுல எத்தனை பொம்பளையளுக்க சம்பளம் போச்சுன்னு யாராவது கேட்டீங்களா?

நேரக் கட்டுப்பாடு போட்டிருக்கோமேன்னு சொல்லுவீங்க. ஆமா, ஜங்ஷன்ல போர்டு நிக்குது, ஸ்கூல் நேரத்துல கனரக வாகனம் வரக்கூடாதுன்னு. அந்த போர்டுக்குக் கீழயே லாரி நின்னு டிரைவர் சாயா வாங்குதான். கெடுபிடி பண்ணுற நாள்ல என்ன நடக்குது தெரியுமா, பகல்ல ஓட வேண்டியது எல்லாம் சேந்து ராத்திரியும் விடியக்காலமும் ஓடுது. அந்த நேரத்துல ரோட்டுல யாரு இருப்பா? ரப்பர் வெட்டுறவங்க இருப்பாங்க. பால் வெட்டு வெயிலுக்கு முன்னால நடக்கணும், வெயில் ஏறுனா பால் நின்னுரும், அதனால மூணு மணி நாலு மணிக்கே தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு டிவிஎஸ்லயும் நடந்தும் போவாங்க. எனக்க வீட்டுக்காரரு அந்த வேலைதான். நாலு வீடு தள்ளி ஒரு அண்ணன், அவரும் அதேதான். போன மழைக்காலத்துல வளவுல, அதான் ரோட்டு வளைவுல, திரும்பும்போது லாரிக்கு ஒதுங்கி ஓடையில விழுந்து பின்சக்கரத்துல கால் மாட்டிட்டு. 108 வந்து ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போனாங்க, உயிரு இருக்கு, முட்டுக்குக் கீழ கால் இல்ல. 2021-ல வந்த இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டத்துல மொத ரெண்டு நாள் சிகிச்சைக்குக் காசு வாங்கல, அதுக்கு நன்றி சொல்லத்தான் வேணும், நானே சொல்லுதேன். ஆனா அடிபட்டதுக்கு அப்புறம் 48 மணி நேரம் காப்பாத்துற அரசாங்கத்துக்கு அடிபடுறதுக்கு முன்னால உள்ள நேரத்துல என்ன வேலைன்னு அந்த அண்ணனுக்க மைனி கேட்டாங்க, எனக்குப் பதில் இல்ல.

அதுலேர்ந்து எனக்க வீட்டுக்காரரு வெட்டுக்குப் போய் சேந்ததும் மிஸ்டு கால் விடணும்னு வச்சிருக்கோம். அந்தக் கால் வர வரைக்கும் எனக்கு உறக்கம் கெடையாது. லேட்டானா ஒரு வெப்ராளம், அடுப்புல என்ன வச்சேன்னு தெரியாது, ஏர் ஹாரன் தூரத்துல கேட்டா கை நின்னுரும். எங்க ஊருல நிறைய வீட்டுல இதே மிஸ்டு கால்தான்.

இன்னொரு காரியத்தையும் யோசிச்சுப் பாருங்க. பயத்துல நாங்க எடுக்கிற முடிவெல்லாம் சரியான முடிவுன்னு நான் சொல்ல வரல. சைக்கிள் வேண்டாம்னு எல்லா வீட்டுலயும் ஸ்கூட்டி வாங்கியாச்சு, ஒரு ஸ்கூட்டியில அம்மை, முன்னால நிக்க வச்சு ஒரு பிள்ளை, பின்னால ரெண்டு, ஒருத்தருக்கும் ஹெல்மெட் இல்ல, காலையில எட்டரைக்கு ஸ்கூல் வாசல்ல போய்ப் பாருங்க. 2022-ல இந்தியாவுல ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேரு, தமிழ்நாட்டுல மட்டும் 17,884, மத்திய அரசே வெளியிட்ட கணக்கு, நாடு முழுக்கச் செத்தவங்கள்ல நூத்துக்கு 44 பேருக்கு மேல டூவீலர்ல போனவங்க. டூவீலர் ஜாஸ்தி ஓடுது, அதனால சாவும் ஜாஸ்தி, நேரா சைக்கிளோட வச்சு ஒப்பிட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனா பிள்ளையைக் காப்பாத்தணும்னு எடுத்த முடிவுல பிள்ளையை ரோட்டுல ரொம்ப சாவு நடக்கிற இடத்துலயே கொண்டு உக்கார வச்சிருக்கோம். அமெரிக்காவுல 2001 செப்டம்பர் 11-க்கு அப்புறம் பிளேன்ல ஏற பயந்து நிறைய பேரு கார்ல போனாங்களாம், அதனாலயே அடுத்த ஒரு வருசத்துல ரோட்டுல கூடுதலா 1,500 பேரு கிட்ட செத்தாங்கன்னு கெர்ட் கிகரென்சர்ங்கிற ஜெர்மன் உளவியல்காரர் கணக்குப் போட்டிருக்காரு. அங்க பிளேன், இங்க டாரஸ். நீங்க மைக்ல குடுத்த அறிவுரை எங்களை எந்தப் பக்கம் தள்ளுதுன்னு ஒரு தடவையாவது யோசிச்சிருக்கணும்.

டிரைவருமார் மேல எனக்குக் கோபம் இல்ல, அதையும் சொல்லிருதேன். எங்க ஊருப் பயக்களே ஓட்டுதானுவ, டியூசனுக்கு வந்த ஒருத்தனும் இப்பம் கிளீனரா போறான். கூலி டிரிப் கணக்குல, டிரிப் கூடுனாத்தான் காசுன்னா பையப் போன்னு சொல்லி என்ன பிரயோசனம், வீட்டுல அவனுக்கும் அரிசி வாங்கணுமே. துறைமுகம் வேண்டாம், வீடு கட்ட வேண்டாம்னும் நான் சொல்லல. விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு மூணு கிலோமீட்டர் கிட்ட கடலுக்குள்ள அலைத்தடுப்புச் சுவரு போட்டாங்க, அதுக்கு எங்க மாவட்டத்துக் கல்லும் போச்சு, கேரளாவுல வீடு கட்டவும் எல்லையில உள்ள களியக்காவிளை தாண்டி எம்சாண்டும் ஜல்லியும் போவுது. மலை போறது தனிக் கதை, அதைப் பேச என்னை விட வெவரமானவங்க இருக்காங்க. போற வழியில இருக்கிற எங்களுக்கு அதுல என்ன பங்குன்னு பாத்தா தூசியும் பயமும்தான்.

சட்டம் இல்லாமலும் இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 115-ஆம் பிரிவுல, மக்கள் பாதுகாப்புக்காக எந்த ரோட்டுல எந்த வண்டி வரக்கூடாதுன்னு தடை போட அதிகாரம் இருக்கு. ஓவர்லோடுன்னா 194-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்கு அப்புறம் 20,000 ரூபாய் அபராதம், அதுக்கு மேல கூடுதல் உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, கூடுதல் லோடை எறக்காம வண்டியை நகத்தவே விடக்கூடாது. டிப்பருக்கு 60-க்கு மேல போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேணும்னு மத்திய விதி இருக்கு, அந்த 60-ஏ எங்க வளவுக்கு ரொம்ப அதிகம், 50-ல போனாலே ஒரு செகண்டுல கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிரும், எங்க ஸ்கூல் கேட்டுக்கும் வளவுக்கும் இடையில ரெண்டு செகண்ட் தூரம் தேறாது. குவாரியை விட்டு லாரி கிளம்பணும்னா நடைச்சீட்டு வேணும், அதுல லாரி நம்பர், எத்தனை டன், எங்க போவுது, எப்பம் கிளம்புதுன்னு எல்லாம் எழுதணும். அப்போ ஸ்கூல் நேரத்துல எங்க ரோட்டுல ஓடுற லாரிக்குச் சீட்டு குடுத்தது யாரு? இல்ல, சீட்டே இல்லாம ஓடுதா? ரெண்டுல ஒண்ணுதான் நடக்க முடியும், ரெண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியது நீங்கதான். திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல நாங்க குடுத்த மனுவுக்கு வந்த பதில்ல "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது"ன்னு ஒரு வரி, என்ன நடவடிக்கை, யாரு எடுத்தாங்க, எத்தனை வண்டி பிடிச்சாங்க, ஒண்ணும் இல்ல.

எங்களுக்கு வேண்டியதைத் தெளிவாவே எழுதிருதேன், மறுபடி விழிப்புணர்வுக் கூட்டம் வச்சுராதீங்க.

காலையில ஏழரைலேர்ந்து பத்து வரைக்கும், சாயங்காலம் மூணரைலேர்ந்து ஏழு வரைக்கும் இந்த ரோட்டுல லோடு லாரி வரக்கூடாது, அந்த நேரத்துக்குக் குவாரியில நடைச்சீட்டே போடக்கூடாது. சீட்டு நின்னாலே பாதி வண்டி நின்னுரும், ஜங்ஷன்ல போலீசு நிக்கதுக்கு முன்னால அதைச் செய்யுங்க. விடியக்காலம் மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் பால் வெட்டுக்காரங்க நேரம், அதையும் தடையில சேருங்க, பகல்ல தடுத்ததை எல்லாம் அவங்க தலையில கொட்டக்கூடாது. களியக்காவிளை வரைக்கும் போயி எடை பாக்காண்டாம், குவாரி வாசல்லயே எடை போடுங்க, கூடுதல்னா எறக்கிட்டு விடுங்க, தார்ப்பாய் முழுசா மூடாத வண்டியையும் அங்கேயே நிறுத்துங்க. அபராதம் வண்டி முதலாளிக்கும் குவாரிக்கும் போணும், டிரைவர் பேட்டாவுல பிடிக்க விடக்கூடாது.

ஸ்கூல் வளவுக்கு ரெண்டு பக்கமும் வேகத்தடை, வெள்ளை பெயின்ட் அடிச்சு, ராத்திரியும் தெரியுற மாதிரி. ஓடைக்கு மேல சிலாப் போட்டு ஸ்கூல்லேர்ந்து ஜங்ஷன் வரைக்குமாவது பிள்ளைய நடக்க ஒரு மூணடி இடம் குடுங்க, கையாலையை இடிக்கணும்னா ரோட்டோரம் உள்ள விளைக்காரங்க கிட்ட நாங்களே பேசித் தாறோம், அதுக்கு ஊரு தயாரா இருக்கு. ஸ்கூல் விடுற நேரத்துக்கும் விளையாட்டு பிராக்டிஸ் முடியுற நேரத்துக்கும் ஒவ்வொரு டவுன் பஸ் வேணும், ஸ்டாப்பை வளவுலேர்ந்து மாத்தி ஸ்கூல் பக்கமே வைக்கணும்.

கடைசியா அந்த ஸ்கிரீன்ல போட்ட கணக்கு. அடுத்த தடவை ஆக்சிடென்ட் எண்ணிக்கையோட சேத்து, இந்த ரோட்டுல எத்தனை பிள்ளைய நடந்து வாறாங்க, எத்தனை பேரு சைக்கிள்ல வாறாங்க, அஞ்சு வருசத்துக்கு முன்னால எத்தனை பேரு வந்தாங்கன்னு ஸ்கூல் ஸ்கூலா எண்ணி அதையும் போடுங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள எங்க ஊருக்கு வந்து, காலையில எட்டு மணிக்கு ஜங்ஷன்லேர்ந்து ஸ்கூல் வரைக்கும் ஜீப்பை விட்டு எறங்கி எங்க கூட நடங்க. என்னைக்கு வாறீங்கன்னு முன்கூட்டி சொல்லாண்டாம், சொன்னா அன்னைக்கு லாரி வராது. நடந்ததுக்கு அப்புறம் என்ன செய்யப் போறீங்க, எந்தத் தேதிக்குள்ளன்னு எழுத்துல, கையெழுத்தோட, ஸ்கூல் நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க.

இப்படிக்கு,
திருவட்டாறு பக்கத்துல ரோட்டோரம் குடியிருக்கிற ஒரு அம்மா